பத்தில் மூன்று

எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்தபோது
முதலில் நான் தேடினது அந்தத் துண்டைத்தான்.
இருந்தது.
இடுப்பெலும்புக்கு மேலே, அரிசி அளவில், வெள்ளையாய்,
பதினாறு வருசமாய் வாடகை தராமல்.

"அதில்லை" என்றாள் டிலக்சனா மிஸ்.
"அது தன்ரபாட்டில கிடக்கு. நோகிறது இஞ்சை."
தொடையின் வெளிப்பக்க எலும்பு முனையில்
ஒற்றை விரலை வைத்தாள்.
நான் போட்ட ஐயோவுக்கு
கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரிசை முழுக்கத் திரும்பியது.

தசைநார் எலும்பில் ஒட்டுகிற இடமாம்.
நெரிபட்டு நெரிபட்டுச் சோர்ந்து போச்சாம்.
உடைவு இல்லை, இரும்பு இல்லை.
"ஐம்பது தாண்டின பொம்பிளையளுக்கு
உலகம் முழுக்க வாறதுதான் அம்மா."

உலகம் முழுக்க!
பஸ்ஸில் பரந்தன் சந்தி தாண்டும்வரை
அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.
நோர்வேயில் ஒருத்திக்கு, நுவரெலியாவில் ஒருத்திக்கு,
சும்மா வயதுபோன ஒருத்திக்கு வருகிற வலி
எனக்கும் வந்திருக்கிறது.
கொஞ்சம் பெருமையாய்க்கூட இருந்தது.

கிளினிக் கொப்பியைப் பிறகுதான் வாசித்தேன்.
ஒரு காலில் பாரத்தைத் தொங்கவிட்டு நிற்கக் கூடாது.
பதிந்த இருக்கையில் காலை ஒருபக்கம் மடிக்கக் கூடாது.
விசுவமடுச் சந்தியில் பதினொரு வருசமாய்
கச்சான் கடகத்தை இடுப்பில் இடுக்கி
சரிந்து நிற்கிறவள் நான்.
முல்லைத்தீவு பஸ் வரும்வரை இடதுகால்,
போன பஸ் திரும்பி வரும்வரையும் அதே இடதுகால்.
வறுக்கிறது பலகைக்கட்டையில் குந்தி.
என் பிழைப்பு முழுக்க
"கூடாது" என்ற பக்கத்தில் எழுதியிருந்தது.

வாசு கடையில் கால் வெடித்த பிளாஸ்ரிக் கதிரை
இரண்டை வாங்கி ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினேன்.
உயரமாச்சு.
இப்போது கடகம் பெட்டிமேல், நான் கதிரைமேல்.
ராசாத்தி மாதிரி எண்டு கொண்டக்டர் பெடியன் சிரிக்கிறான்.
சிரிக்கட்டும், கச்சான் வாங்குகிறான்.

பின்னேரம் கதவைச் சாத்திப்போட்டு
பாயில் மல்லாந்து முழங்காலை மடித்து
பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பேன். பத்து எண்ணி இறக்குவேன்.
பிறகு கிணற்றுக்கட்டைப் பிடித்து ஒற்றைக்காலில்.
பிறகு குசினிச் சுவரோரம் பக்கவாட்டில் நடை,
நாயாற்று நண்டு மாதிரி, போய் வந்து, போய் வந்து.
யன்னலால் எட்டிப் பார்த்த தவமலர்
எனக்குப் பேய் பிடித்ததெண்டு முடிவே கட்டிவிட்டாள்.

முதல்நாள் மிஸ் கேட்டிருந்தாள்,
சைபரிலிருந்து பத்துவரை நோ எவ்வளவு என்று.
"பத்து எண்டா?"
"உங்கட வாழ்நாளில பட்ட ஆகப் பெரிய..."
பாதியில் நிறுத்தினாள்.
அவளும் முள்ளியவளைக்காரி. அப்போது ஆறாம் வகுப்பு.
பேனை மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.
"இப்பிடி வைப்பம் அம்மா,
கச்சான் விக்கேலாமல் வீட்டை திரும்பிற நோ பத்து."
"அப்ப ஆறு" என்றேன்.
"பயிற்சி செய்யேக்கை மூண்டு மட்டும் வரலாம், பயப்பிடாதேங்கோ.
மிஞ்சினா குறையுங்கோ. விட்டிடாதேங்கோ."

ஏழாம் கிழமை இது.
படி ஏறினால் இரண்டு. சில விடியல்களில் நாலு,
நேற்று விறகு கட்டினதால்.
பொய் சொல்லவில்லை, கொப்பியில் அப்படியே குறித்திருக்கிறேன்.

மிச்சம் இருந்தது படுக்கைதான்.
நோகிற பக்கம் சரியக் கூடாது,
வலப்பக்கம் சரிந்து முழங்கால்களுக்கு நடுவே தலகணி.
ஆனால் வலப்பக்கம் சரிந்தால் முதுகு கதவுக்கு.
கதவுக்கு முதுகு காட்டி
நான் படுத்து எவ்வளவோ காலம்.
மூன்று இரவு முயன்றேன். நித்திரை வரவில்லை.
நாலாம் நாள் கட்டிலையே திருப்பிப் போட்டேன்,
தலைமாடு கால்மாடாய்.

வடக்கே தலைவைக்கக் கூடாதென்று கத்தினாள் தவமலர்.
கொப்பியை எடுத்துப் பார்த்தேன்.
"கூடாது" பக்கத்தில்
அப்படி ஒன்றும் இல்லை.